தீக்கு முன்னே ஓடிய தண்ணீர்

மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஈரம் காக்க மூடாக்கு போடச் சொல்கிறார்களே, கோடையில் காய்ந்த சருகில் ஒரு பொறி விழுந்தால் தோப்பு என்ன ஆகும்? நியாயமான பயம். இதற்குப் பதில் சொல்ல, அமெரிக்காவில் பெருந்தீயின் நடுவே தப்பிய ஒரு அருங்காட்சியகத்தின் தோட்டம் உதவும்.

கலிபோர்னியா மாநிலம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், பசிபிக் கடலைப் பார்த்த மலைச்சரிவில் 64 ஏக்கரில் இருக்கிறது கெட்டி வில்லா. எண்ணெய்த் தொழிலில் பணம் சேர்த்த ஜே. பால் கெட்டி அமைத்தது, 1974-ல் திறக்கப்பட்டது. உள்ளே பழங்கால கிரேக்க, ரோமானியச் சிலைகள். வெளியே அக்கால ரோமானியர் வளர்த்த மாதுளை, ஆலிவ், அத்தி, மூலிகைகள்.

அந்தப் பகுதியில் மழை குளிர்காலத்தில்தான். தீ வருவதற்கு முந்தைய இரண்டு குளிர்காலங்களிலும் நல்ல மழை. மலையெங்கும் புல்லும் புதரும் மண்டி வளர்ந்தன. பிறகு 2024 மே முதல் 2025 ஜனவரித் தொடக்கம் வரை நகர மையத்தில் பெய்தது வெறும் 4 மில்லிமீட்டர். மழை இல்லாத வருடத்தில்தான் தீ வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். நன்றாகப் பெய்து, பிறகு காய்ந்த வருடம் அதைவிட மோசம். எரிவதற்கு அப்போதுதான் நிறைய இருக்கும்.

2025 ஜனவரி 7 காலையில் அருகே தீப்பற்றியது. பாலைவனத்துப் பக்கமிருந்து வீசும் சான்டா அனா என்ற வறண்ட காற்று அதை விரட்டிக்கொண்டு வந்தது. 23,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. 6,800-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதமாகின அல்லது சாம்பலாயின. 12 பேர் இறந்தார்கள். தீ வில்லாவின் வளாகத்துக்குள்ளும் புகுந்து மரங்களைப் பிடித்தது. கட்டடத்துக்கும் சிலைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

காப்பாற்றிய காரியங்களில் பாதிக்கு மேல் எந்த உழவருக்கும் தெரிந்தவைதான். சுற்றிலும் உள்ள புதரை ஆண்டு முழுக்க வெட்டிக்கொண்டே இருந்தார்கள். தீ பரவத் தொடங்கிய அன்று காலையிலேயே வளாகம் முழுவதும் பாசனத்தைத் திறந்துவிட்டார்கள். தீ வந்த பின் ஊற்றும் தண்ணீரைவிட, வருமுன் மண்ணிலும் இலையிலும் ஏறிய ஈரத்துக்கு வேலை அதிகம். ஈரமான பொருள் பற்றுவதற்கு முன்னால் அதிலுள்ள நீர் ஆவியாக வேண்டும். தீயின் சூட்டில் பெரும்பகுதி அதற்கே செலவாகிவிடும்.

வளாகத்துக்குள்ளேயே தண்ணீரும் சேமித்து வைத்திருந்தார்கள். அதன் அருமை அன்றிரவு தெரிந்தது. அந்தப் பகுதியின் மேட்டுத் தெருக்களுக்குத் தண்ணீர் தரும் மூன்று தொட்டிகள், ஒவ்வொன்றும் சுமார் 38 லட்சம் லிட்டர், மறுநாள் விடியுமுன் காலியாகிவிட்டன. மேட்டில் இருந்த தீயணைப்புக் குழாய்கள் வறண்டன. பக்கத்தில் இருந்த பெரிய நீர்த்தேக்கமோ பழுதுபார்ப்புக்காகக் காலியாகக் கிடந்தது.

இதே அறக்கட்டளை நடத்தும் கெட்டி சென்டர் என்ற இன்னொரு கலைக்கூடம் அதே நகரில் வேறொரு குன்றின்மேல் இருக்கிறது. 1997-ல் திறந்தது. அங்கே நிலத்தடியில் பத்து லட்சம் கேலன் தொட்டி, அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர், கட்டி வைத்திருக்கிறார்கள். கூரைமேல் உடைகல் பரப்பியிருக்கிறார்கள், பறந்து வரும் கங்கு விழுந்தாலும் பற்றாது. சுற்றியுள்ள ஓக் மரங்களைக் கவாத்து செய்து, வறட்சி தாங்கும் செடிகளை வைத்திருக்கிறார்கள். 2019 அக்டோபரில் அந்தக் குன்றுப் பக்கமே தீ வந்தபோதும் கட்டடங்கள் தப்பின.

ஆனாலும் வில்லாவுக்கு இழப்பே இல்லை என்று சொல்ல முடியாது. தீயில் கெட்ட மரங்கள் ஆயிரத்துக்கு மேல் அகற்றப்பட்டன. 2025 ஜூன் கடைசியில்தான் பார்வையாளருக்குத் திறந்தார்கள். தீக்கு அடுத்த மாதமே பெய்த மழையில், எரிந்து மொட்டையான அப்பகுதிச் சரிவுகளிலிருந்து சேறு சரிந்து சாலைகளை மூடியது. ஆகவே சரிவு நிலத்தில் புதரை வேரோடு பிடுங்குவது சரியல்ல. தரையை ஒட்டி அறுத்துவிட்டு வேரை விட்டுவிட வேண்டும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

இனி வாசகரின் மாந்தோப்பு. மூடாக்கை விட வேண்டாம். ஆனால் வேலிவரை பரப்பக் கூடாது. வேலியை ஒட்டி உள்பக்கம் பத்தடி அகலத்துக்குச் சருகும் காய்ந்த புல்லும் இல்லாமல் வைக்க வேண்டும். வனத்துறை போடும் தீத்தடுப்புக் கோடு மாதிரிதான். மூடாக்கு மரத்தின் பாத்திக்குள் இருக்கட்டும், தண்டிலிருந்து ஓரடி தள்ளி. ஒரு பாத்திக்கும் அடுத்த பாத்திக்கும் நடுவே சருகு தொடர்ந்து கிடந்தால் அதுவே தீக்குப் பாதை. சொட்டுநீர்க் குழாயை மூடாக்குக்கு அடியில் விட்டால் அடிச்சருகு ஈரமாக இருக்கும், சீக்கிரம் மக்கும். தரையைத் தொடும் மாங்கிளைகளைக் கழிக்க வேண்டும். புல்லில் வரும் தீ அந்தக் கிளையைப் பிடித்துத்தான் மேலே ஏறுகிறது. கழித்த கிளைகளைத் தோப்புக்குள் குவித்து வைப்பதும், வரப்பைக் கொளுத்திச் சுத்தம் செய்வதும் கூடவே கூடாது. பல தோப்புகளில் தீ உள்ளிருந்தே கிளம்புகிறது.

எல்லையில் தைலமரம் இருந்தால் கவனம் தேவை. இலையிலும் பட்டையிலும் எண்ணெய் உள்ளதால் பெரிதாக எரியும், காற்றில் கங்கும் பறக்கும். தொட்டி மேட்டில் இருந்தால் நல்லது. தீ நேரத்தில் மின்சாரம் பெரும்பாலும் இருக்காது, மோட்டாரை நம்ப முடியாது.

கலிபோர்னியாவில் காய்ந்த புல்லைத் தின்று தீர்க்க ஆட்டு மந்தைகளை வாடகைக்குக் கூப்பிடுகிறார்கள். காசு கொடுத்து! கிடை போடும் வழக்கமுள்ள ஊரில் இது புதுசல்ல. வளர்ந்த மரங்களுள்ள தோப்பில் மாசிக்குள் ஒரு முறை கிடை போட்டால் புல்லும் குறையும், எருவும் சேரும். இளங்கன்று நட்ட பகுதியில் மட்டும் ஆட்டை விடக் கூடாது, அங்கே அரிவாள்தான்.