இப்போது யாருடைய முறை?

பிப்ரவரி மாதம் 29-ஆம் தேதியையும் ஒரு நாளாக எண்ணி வட்டி கணக்கிடும்படி, எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளம் பெண் எழுதிய மூன்று வரித் திருத்தம், நிரல் களஞ்சியத்தில் எல்லோருடைய கண்ணுக்கும் எட்டும் இடத்திலேயே 41 நாட்கள் ஒருவராலும் தொடப்படாமல் கிடந்தது. அந்தத் தேதி வந்து, போய், சில வாடிக்கையாளர்களின் கணக்கில் ஒரு நாள் வட்டி பிசகி, அவர்கள் தொலைபேசியில் அழைத்து வினவிய பிறகுதான் அப்படியொரு திருத்தம் இருப்பதே எங்கள் நினைவுக்கு வந்தது. கணக்கைச் செம்மை செய்துவிட்டோம். ஆனால் அதைப் பார்வையிடும் பொறுப்பு என்னுடையதாக இருந்தபடியால், அன்று மாலை அந்தப் பெண் என் மேஜைக்கு அருகில் வந்து நின்று, "நீங்க சொன்னதைச் சரி பண்ணிப் போட்டுட்டேன் சார், நீங்க பார்ப்பீங்கன்னுதான் இருந்தேன்" என்று, குற்றம் சாட்டும் தொனி சிறிதுமின்றிச் சொன்ன வார்த்தை இன்றளவும் என் மனத்தைவிட்டு அகலவில்லை.

மென்பொருள் தொழிலில் இல்லாத வாசகர்களுக்கு இந்த விஷயத்தைச் சிறிது விளக்க வேண்டும். பலர் சேர்ந்து எழுதும் ஒரு நிரலில் எவரும் தம் இஷ்டம்போல் கைவைத்துவிட முடியாது. தாம் செய்ய விரும்பும் மாற்றத்தைத் தனியே எழுதி, இன்ன காரணத்துக்காக இதைச் செய்திருக்கிறேன், பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரு விண்ணப்பமாகச் சமர்ப்பிக்க வேண்டும். மற்றொருவர் அதை வரி வரியாகப் படித்து, ஐயங்களைக் கேட்டு, திருத்தச் சொல்லி, திருப்தியடைந்த பிறகே அது மூல நிரலோடு சேரும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டில் லினக்ஸ் இயங்குதள வேலைக்கென்று இயற்றிய கிட் என்னும் கருவி உலகமெங்கும் பரவி, அதை ஆதாரமாகக் கொண்டு 2008-இல் கிட்ஹப் என்னும் தளம் எழுந்த பின்பு, இந்த விண்ணப்பத்துக்குப் புல் ரெக்வெஸ்ட் என்ற பெயர் நிலைத்தது. கிட்லேப் தளத்தார் அதையே மெர்ஜ் ரெக்வெஸ்ட் என்பார்கள். ஆண்ட்ராய்டு நிரலுக்குப் பயன்படும் கெரிட் என்ற கருவியில் அதற்குச் சேஞ்ச் என்று பெயர். எங்கள் அலுவலகப் பேச்சில் அது வெறும் பிஆர். பெயர் எதுவாயினும், ஒருவர் தம் வேலையை முடித்துவிட்டு இன்னொருவருடைய கவனத்துக்காகக் காத்திருக்கிறார் என்பதே அதன் சாரம்.

காத்திருப்பவை பத்தோ பதினைந்தோ என்றால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். லினக்ஸ் மைய நிரலிலோ, ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளிவரும் ஒவ்வொரு பதிப்பிலும் 10,000-க்கு மேற்பட்ட மாற்றங்கள் சேருகின்றன. அவை பெரும்பாலும் இன்றைக்கும் மின்னஞ்சல் வழியாகவே வந்து, படிக்கப்பட்டு, பார்த்தவர் பெயரும் சோதித்தவர் பெயரும் அடியில் பொறிக்கப்பட்டு மேலே செல்கின்றன. அவ்வளவு பெரிதல்லாத நிறுவனங்களிலும் களஞ்சியங்கள் நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டபடியால், தேடும் காரியத்தையும் நிரலிடமே ஒப்படைப்பது அவசியமாகிவிட்டது. கிட்ஹப், கெரிட் முதலியவை இதற்கென்றே ஏபிஐ என்னும் வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன; இன்னார் எழுதியவை, இன்னாரிடம் பார்வைக்கு வந்தவை, இன்ன தேதிக்குப் பின் அசையாதவை, சோதனையில் தேறியவை என்று நிபந்தனைகளை ஒரே வரியில் கோத்து அனுப்பினால், நொடிப்பொழுதில் பட்டியல் திரும்பி வருகிறது. நானும் அப்படியொரு சிறு நிரலை எழுதி, தினமும் காலை ஒன்பதரை மணிக்கு அது ஓடி, குழுவில் ஒவ்வொருவர் பார்வைக்கும் வந்திருப்பவற்றை எங்கள் அரட்டைப் பக்கத்தில் இடும்படி செய்திருந்தேன். ஒரு நாளும் தவறாமல் அது ஓடியது. அந்த 41 நாட்களிலும் ஓடியது.

பிசகு எங்கே நேர்ந்தது என்பதை அன்றிரவு உட்கார்ந்து ஆராய்ந்தேன். 'எவற்றைப் பார்வையிடும்படி என்னிடம் கோரியிருக்கிறார்கள்?' என்பதுதான் என் நிரல் கேட்ட கேள்வி. நான் ஒரு முறை பார்த்துக் கருத்து எழுதிவிட்ட கணத்திலேயே அந்தக் கோரிக்கை நிறைவேறியதாகக் கொள்ளப்பட்டு, அந்த விண்ணப்பம் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். இது மறைவான சங்கதியன்று. கிட்ஹப்பின் கையேட்டில் தெளிவாக எழுதியிருப்பதுதான். அதைச் சிரத்தையோடு படிக்காதவன் நான். நான் சுட்டிய குறையை அந்தப் பெண் மறுநாளே திருத்திச் சேர்த்துவிட்டார். ஆனால், மீண்டும் பார்வையிடக் கோரும் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை அவருக்கு நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் பட்டியலில் அது இல்லாததால், இன்னும் அவர் திருத்திக்கொண்டிருக்கிறார் என்று நான் இருந்தேன். அவர் பக்கத்தில் அது திறந்தே இருந்ததால், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர் இருந்தார்.

என் தகப்பனார் தாலுகா அலுவலகத்தில் உதவியாளராக இருந்தவர். அவர் மேஜையில் தன்பதிவேடு என்றொரு தடித்த புத்தகம் இருக்கும். மனு வந்த தேதி, அனுப்பியவர், பொருள், மேலதிகாரிக்கு வைத்த நாள், திரும்பி வந்த நாள், வேறு அலுவலகத்துக்கு விளக்கம் கேட்டு எழுதிய நாள், நினைவூட்டு அனுப்பிய நாள் என்று பத்திகள் வரிசையாக ஓடி, கடைசிப் பத்தியில்தான் முடிவு எழுதப்படும். கடிதம் அனுப்பியாயிற்று என்பதற்காக அவர் எந்த மனுவையும் கணக்கிலிருந்து நீக்கியதில்லை. பதில் வந்து, ஆணை பிறந்து, மனுதாரருக்குத் தெரிவித்த பிறகே அந்த எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிடுவார். வட்டமிடாத எண் ஒவ்வொன்றும், இந்தக் காகிதம் இப்போது யாரிடம் இருக்கிறது, எத்தனை நாளாய் இருக்கிறது என்று அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தது. என் நிரல் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கேள்வியைச் சரியாக அமைப்பது மேலோட்டமாகத் தோன்றுகிற அளவு சுலபமான காரியமன்று என்பதையும் சொல்ல வேண்டும். கிட்ஹப்பின் தேடல் வாசல், விடைகள் எத்தனை ஆயிரம் இருந்தாலும் ஒரு கேள்விக்கு 1,000 வரையில்தான், அதுவும் பக்கத்துக்கு 100 வீதம் கொடுக்கும்; மேற்பட்டவை வேண்டுமானால் தேதி வாரியாகக் கேள்வியைப் பிரித்துக் கேட்க வேண்டும். தேடல் நேரம் போதாமல் இடையில் நின்றுவிட்டால், விடையோடு 'இது முழுமையானதன்று' என்ற குறிப்பும் சேர்ந்தே வருகிறது. அந்தக் குறிப்பைப் பாராத நிரல், அரைகுறைப் பட்டியலை முழுப் பட்டியலென்று நம்பி, மற்றவர்களையும் நம்பச் செய்துவிடுகிறது. கடைசியாக அசைந்த தேதியை வைத்துத் தேடுவதிலும் ஒரு கண்ணி உண்டு: தானியங்கி ஒன்று வந்து ஒரு வரிக் குறிப்பு எழுதிவிட்டுப் போனாலும் அதுவும் அசைவாகவே கணக்கில் ஏறுவதால், மனிதர் ஒருவரும் எட்டிப் பாராத விண்ணப்பம் நேற்றுத்தான் கவனிக்கப்பட்டதுபோல் தோற்றமளிக்கும். குழுவின் பெயருக்குப் பொதுவாக அனுப்பப்பட்ட விண்ணப்பத்தின் கதியோ இன்னும் பரிதாபம். எல்லோருடைய பட்டியலிலும் இருக்கும். தம்முடையது என்று ஒருவரும் எடுக்கமாட்டார்கள்.

பல களஞ்சியங்களில் ஸ்டேல் என்னும் தானியங்கியை ஏவியிருக்கிறார்கள். அதன் அமைப்பை யாரும் மாற்றாமல் விட்டால், 60 நாட்கள் அசைவில்லாத விண்ணப்பத்துக்கு வாடியது என்று முத்திரையிட்டு, மேலும் 7 நாட்கள் பொறுத்து, அதை மூடிவிடுவது அதன் வழக்கம். ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் உழைக்கும் இரண்டொருவர், உலகமெங்குமிருந்து வந்து குவியும் விண்ணப்பங்களுக்கு நடுவே மூச்சுத் திணறும்போது இப்படியொரு துணையை நாடுவதை நான் குறைகூற மாட்டேன். ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிற குழு, தான் பாராமல் விட்ட குற்றத்துக்காக, எழுதிவிட்டுக் காத்திருந்தவருடைய விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்து, நிலுவை குறைந்துவிட்டது என்று மாத அறிக்கையில் எழுதிக்கொள்வது எந்த நியாயத்திலும் அடங்காது.

இந்தத் தேடலை நிர்வாகத்தார் வேறொரு நோக்கத்துக்கும் உபயோகிக்கிறார்கள். அதைப் பற்றியே நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். இந்த மாதம் இன்னார் எத்தனை விண்ணப்பம் சமர்ப்பித்தார், எத்தனை பார்வையிட்டார், ஒவ்வொன்றும் சேர எத்தனை மணி நேரமாயிற்று என்று ஆள்வாரியாக எண்ணி, வரிசைப்படுத்தி, ஆண்டு மதிப்பீட்டில் அதை முன்வைக்கும் பழக்கம் பரவி வருகிறது. எண்ணப்படுகிறோம் என்று அறிந்த மனிதர் எண்ணுக்கு ஏற்றபடி வேலையை வளைத்துக்கொள்வது இயல்பு. ஒரே மாற்றம் ஐந்து துண்டாகி ஐந்து விண்ணப்பமாகிறது. கடினமான நிரலை இரண்டு நாள் படித்து ஒரு பெரும் பிழையைத் தடுத்தவருக்குக் கணக்கில் ஒன்றே. படிக்காமலே எல்ஜிடிஎம், அதாவது 'எனக்குச் சரியாகவே தோன்றுகிறது', என்று எழுதி இருபதைத் தள்ளிவிட்டவருக்கு இருபது. நிரலை முறையாகக் கூடிப் பரிசோதிக்கும் வழக்கத்தை ஐபிஎம் நிறுவனத்தில் வகுத்து, 1976-இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்ட மைக்கேல் ஃபேகன், அந்தப் பரிசோதனையில் கிடைக்கும் விவரங்களைக் கொண்டு நிரலாளருடைய தரத்தை நிறுக்கலாகாது என்று வற்புறுத்தினார். பிழையைக் காட்டினால் தண்டனை உண்டென்று ஆகிவிட்டால், பிழையை யாரும் காட்டமாட்டார்கள். அதன்பின் பரிசோதனை எதற்கு?

விரைவாகச் சேர்ப்பதையே குறியாகக் கொள்வதிலும் அபாயம் இருக்கிறது. இணையப் போக்குவரத்தின் ரகசியத்தைக் காக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில், 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, புத்தாண்டு பிறக்கும் தறுவாயில் ஒரு மாற்றம் சேர்ந்தது. ஒருவர் எழுதினார், மற்றொருவர் பார்த்தார், வந்த செய்தி தன் நீளம் இன்னதென்று கூறுவது மெய்தானா என்று சரிபார்க்கும் ஒரு சிறு சோதனை அதில் விடுபட்டிருந்தது இருவர் கண்ணிலும் படவில்லை. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பெயரால் அந்தக் குறை வெளிப்பட்டபோதுதான், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக எண்ணற்ற வலைத்தளங்களின் நினைவகத்திலிருந்து கடவுச்சொற்களையும் சாவிகளையும் அந்நியர் கவர்ந்திருக்கக்கூடும் என்பதை உலகம் அறிந்தது. சேர்ந்துவிட்டதா என்று மட்டும் கேட்கும் எந்தத் தேடலிலும் அந்த மாற்றம் செவ்வனே முடிந்த வேலையாகவே தெரிந்திருக்கும்.

ஆகவே இந்த வாசல்களின் வழியே நாம் அனுப்பும் கேள்வி, யார் எவ்வளவு செய்தார் என்பதாக இராமல், யாரை நாம் காக்க வைத்திருக்கிறோம் என்பதாக இருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். கெரிட் கருவியில் 2020-ஆம் ஆண்டில் அட்டென்ஷன் செட் என்றொரு ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் அடுத்து வேலை செய்ய வேண்டியவர் யார் என்பதை அது குறித்துவைக்கிறது: பார்வையிட்டவர் கருத்து எழுதியதும் முறை எழுதியவருக்குப் போகும், அவர் மறுமொழி தந்ததும் பார்வையிட்டவருக்குத் திரும்பும், என் கவனத்துக்காக நிற்பவை எவை என்று தேடலிலும் நேரே கேட்கலாம். என் தகப்பனாருடைய பத்திகள் செய்த வேலையை அங்கே பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமன்று.

எங்கள் தளத்தில் அப்படியொரு ஏற்பாடு இல்லாததால், அந்த வட்டித் திருத்தத்தை எழுதிய பெண்ணும் நானும் சேர்ந்து பழைய நிரலைக் களைந்துவிட்டு வேறொன்று எழுதினோம். திறந்திருக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும், தானியங்கிகளின் குறிப்புகளை ஒதுக்கிவிட்டு, கடைசியாகப் பேசிய மனிதர் யார் என்று அது பார்க்கிறது. எழுதியவர் கடைசியாகப் பேசியிருந்தால் முறை பார்வையாளருடையது. பார்வையாளர் பேசியிருந்தால் எழுதியவருடையது. ஒருவருமே பேசாதிருந்தால், வாரம் ஒருவராக நாங்கள் ஏற்றுக்கொண்ட முறைக்காரருடையது. விண்ணப்பத்தின் எண், அதன் பொருள், யாருடைய முறை, எத்தனை நாளாக என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வரும். கூட்டுத்தொகை கிடையாது, மாத முடிவில் எவருடைய பெயருக்கு எதிரிலும் எண் ஏறாது, மேலிடத்துக்கு அதன் பிரதி போகக்கூடாது என்று முதல் நாளே பேசி முடிவு செய்துகொண்டோம். பட்டியல் கேட்டு ஒருமுறை மேலதிகாரி ஒருவரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அதற்குப் பதிலாக, அடுத்த நாள் காலை எங்களோடு வந்து உட்கார்ந்து அதைப் பார்க்கும்படி அவரை அழைத்தேன், அவரும் வந்தார், இரண்டு விண்ணப்பங்கள் தம்முடைய ஒரு தீர்மானத்துக்காகவே நிற்பதைக் கண்டு, அங்கேயே அதைச் சொல்லிவிட்டுப் போனார்.

இன்று காலைப் பட்டியலில் நான்கு வரிகள் இருந்தன. மூன்று, நேற்றும் முந்தாநாளும் வந்தவை. நான்காவதில் என் பெயரும், அதன் பக்கத்தில் ஆறு நாள் என்றும் இருந்தது. எழுதியவர் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆன ஒரு பையன். நான் கேட்ட கேள்விக்கு வெள்ளிக்கிழமையே விடை எழுதி, ஒரு சோதனையையும் சேர்த்திருக்கிறார். மதியத்துக்குள் அதைப் படித்து முடித்துவிடுகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.