ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள்

அறுபதைத் தாண்டிய ஒருவர் நம் எதிரே வந்து உட்கார்ந்தால், கை தானாகவே ரத்த அழுத்தக் கருவிப் பக்கம் போகிறது. சர்க்கரை எவ்வளவு என்று கேட்கிறோம், பழைய சீட்டைப் புரட்டுகிறோம், ஸ்டெதாஸ்கோப்பை வைக்கிறோம். பரிசோதனை முடிந்து அவர் எழுந்து போகும்போது நம் கண் மருந்துச் சீட்டில் இருக்கிறது. அவர் நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தாரா, உடன் வந்த மகள் தோளைப் பிடித்துத் தூக்கினாரா, ஒரே முயற்சியில் எழ முடிந்ததா என்பதை நாம் பார்ப்பதில்லை. இன்னும் ஐந்து ஆண்டு கழித்து அவர் யார் துணையும் இல்லாமல் குளியலறைக்குப் போய்வருவாரா என்ற கேள்விக்கு, நாம் எழுதிக் கொடுக்கும் பல ரத்தப் பரிசோதனைகளைவிட அவர் எழும் விதம் தெளிவாகப் பதில் சொல்லும்.

மூப்பின் உயிரியல் கடந்த சில பத்தாண்டுகளில் வெகுதூரம் வந்துவிட்டது. 2013-இல் கார்லோஸ் லோபஸ்-ஓட்டின் குழுவினர் மூப்பின் அடையாளங்கள் என்று ஒன்பதைத் தொகுத்தார்கள். 2023-இல் அந்தப் பட்டியல் பன்னிரண்டாக வளர்ந்தது. டெலோமியர் தேய்வது, மைட்டோகாண்ட்ரியா தளர்வது, பிரிவதை நிறுத்திய செல்கள் சாகாமல் தங்கி அழற்சியைக் கசியவிடுவது, மூல செல்கள் ஓய்ந்துபோவது என்று எல்லாம் அதில் உண்டு. மருத்துவ மாணவர்கள் ஆர்வத்தோடு படிக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் இவற்றில் பலவும் ஒன்றுசேர்ந்து வேலை செய்யும் ஓர் உறுப்பை நாம் கையால் தொட்டே பார்க்கலாம். அது தொடைத் தசை.

அங்கே நடப்பது வெறும் மெலிவு அல்ல. முதுகுத்தண்டில் இருக்கும் இயக்க நரம்பு செல்கள் வயது ஏற ஏறக் குறைகின்றன. நரம்பை இழந்த தசை இழைகளில் ஒரு பகுதியைப் பக்கத்து நரம்புகள் தத்தெடுத்துக்கொள்கின்றன, மீதி அழிகிறது. இதில் அதிகம் அடிபடுபவை வேக இழைகள். கால் தடுக்கிய கணத்தில் மற்றக் காலைச் சட்டென்று முன்னே வைத்து உடலைத் தாங்குவதற்கு வேண்டியவை அந்த இழைகள்தான். அதனால்தான் தினமும் மூன்று கிலோமீட்டர் நடப்பவரும் வாசற்படியில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார். நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. தொடையின் வேக இழைகளைக் காப்பாற்ற அது மட்டும் போதாது. "தினமும் நடங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

மீதிப் பாதிக்கு ஆதாரம் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1990-இல் பாஸ்டனின் முதியோர் மறுவாழ்வு மையம் ஒன்றில் மரியா ஃபியாடரோன் குழுவினர் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேரைச் சேர்த்து எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். லேசான பயிற்சி அல்ல; ஒருவர் அதிகபட்சம் தூக்கக்கூடிய எடையில் 80 சதவீதம் வரை ஏற்றினார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டார்கள். பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் வலிமை 32 சதவீதம் சரிந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவு. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று நோயாளிக்கு விளக்குகிறோமே, அதே அழுத்தத்தோடு இதையும் விளக்க வேண்டும்.

1994-இல் அதே குழு நூறு பேரிடம், சராசரி வயது 87, பத்து வாரம் ஆய்வு செய்தது. சிலருக்குப் பயிற்சி, சிலருக்குச் சத்துப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பயிற்சி செய்தவர்களின் வலிமை இரு மடங்குக்கு மேல் ஆனது. சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களின் தசையில் மாற்றம் எதுவும் இல்லை.

நம் நாட்டில் இந்த முடிவைச் சத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "உடம்புல சத்தே இல்ல டாக்டர், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்டு வருகிறார்கள். நாமும் மனம் இளகி பி காம்ப்ளக்ஸ் ஊசியோ டானிக்கோ எழுதுகிறோம். வைட்டமின் டி 60,000 யூனிட் பொட்டலத்தை யோசிக்காமல் மாதக்கணக்கில் தொடரவிடுகிறோம். ஏற்கெனவே ஒருமுறை விழுந்திருந்த, எழுபது வயதைக் கடந்த இருநூறு பேரிடம் சூரிச்சில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், மாதம் 60,000 யூனிட் பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்த ஆண்டில் விழுந்தார்கள். 24,000 யூனிட் பெற்றவர்களில் விழுந்தது பாதிக்கும் குறைவானவர்கள். குறைபாடு உறுதியானவர்களுக்கு வைட்டமின் டி கொடுக்கத்தான் வேண்டும். விழாமலிருக்கக் கொடுக்கும் மருந்து என்று அதை நினைத்துவிடக் கூடாது.

உணவில் கேட்க வேண்டியது புரதம். மூத்த தசை புரதத்தை இளந்தசைபோல் எளிதாகப் பயன்படுத்திக்கொள்வதில்லை. ஒரே வேளையில் கணிசமாகக் கிடைத்தால்தான் கட்டுமான வேலையைத் தொடங்குகிறது. ஆரோக்கியமான முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்கின்றன நிபுணர் குழுக்கள். காலையில் மூன்று இட்லியும் சட்னியும், மதியம் ரசம் சாதம், இரவில் கஞ்சி என்று ஓட்டும் ஒரு பாட்டிக்கு இது எங்கிருந்து வரும்? வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கம் உள்ள பெண்கள், கணவரை இழந்தபின் சமைப்பதையே குறைத்துக்கொண்டவர்கள், பல் போனதால் பருப்பையும் சுண்டலையும் கறியையும் ஒதுக்கியவர்கள் ஆகியோரை நாம் தேடிக் கேட்க வேண்டும். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு முட்டை, ஒரு கிண்ணம் குழைய வேகவைத்த பயறு, ஒரு டம்ளர் பால் என்று வேளையோடு எழுதிக் கொடுங்கள். "நல்லா சாப்பிடுங்க" என்ற பொது அறிவுரையால் யாருடைய தட்டும் மாறாது.

படுக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமான பன்னிரண்டு பேரைப் பத்தே நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போனது. காய்ச்சலோ நிமோனியாவோ உள்ள முதியவருக்கு இழப்பு இதைவிட வேகமாக இருக்கும். வார்டில் நாம் எழுதும் "முழு ஓய்வு" என்ற இரண்டு சொற்கள் எத்தனை பேரை நடந்து வந்து சக்கர நாற்காலியில் திரும்ப வைத்திருக்கின்றன என்று யோசிக்கும்போது மனம் கனக்கிறது. தெளிவான காரணம் இல்லாமல் அந்தச் சொற்களை இனி எழுத வேண்டாம். சேர்ந்த மறுநாளே கட்டிலோரம் உட்கார வைப்பதும், முடிந்தால் நிற்க வைப்பதும் சிகிச்சையின் பகுதிதான்.

அளவிடக் கருவி தேடி அலைய வேண்டியதில்லை. சாதாரண உயர நாற்காலி, சுவரோரம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். ஆசிய சார்கோபீனியா குழுவின் 2019 வரையறைப்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் செயல்திறன் குறைவு. கைப்பிடி வலுமானி இருந்தால் ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்த ப்யூர் ஆய்வு, இறப்பு அபாயத்தைக் கணிப்பதில் கைப்பிடி வலிமை சிஸ்டாலிக் அழுத்தத்தையே மிஞ்சுகிறது என்று 2015-இல் காட்டியது.

குறைவு தெரிந்தால் மருந்தைப் போலவே அளவோடு எழுதுங்கள்: நாற்காலியிலிருந்து எழுவது, பத்து முறை, இரண்டு சுற்று, வாரம் மூன்று நாள். எளிதாகிவிட்டால் கையில் தண்ணீர் பாட்டில், அப்புறம் அரிசிப் பை. ஒற்றைக்காலில் நிற்பதைச் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு பழகட்டும். கட்டுக்குள் வராத நெஞ்சுவலி, அண்மையில் வந்த மாரடைப்பு, கடுமையான வால்வுச் சுருக்கம் இருந்தால் முதலில் இதய மருத்துவர் பார்க்கட்டும். முழங்கால் தேய்மானம் தடையல்ல; தொடை வலுத்தால் அந்த வலியே குறையும்.

இளமையைத் திருப்பித் தரும் மாத்திரை பற்றி நோயாளிகளின் பிள்ளைகள் கேட்கிறார்கள். ராபமைசின் எலிகளின் ஆயுளை நீட்டியது 2009 முதல் தெரியும். மனிதரில் அந்த நிரூபணம் இல்லை. மெட்ஃபார்மினோ, சர்க்கரை நோய் இல்லாத முதியவர்களிடம் எடைப் பயிற்சியின் பலனில் ஒரு பகுதியைக் குறைத்ததாக 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. சர்க்கரை நோயாளிக்கு அதை நிறுத்த இது காரணமாகாது. நோயில்லாதவருக்குத் தொடங்க ஒரு காரணமும் இல்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிப் போகிறார்கள். இப்போது பெரும்பாலும் பக்கவாதம் வந்தவர்களையும் படுத்துவிட்டவர்களையுமே அவர்கள் பார்க்கிறார்கள். படுப்பதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்களை அவர்களிடம் அனுப்ப வேண்டியவர்கள் நாம். இந்த மாதம் முதல் உங்கள் ஓ.பி. அட்டையில் ரத்த அழுத்தத்துக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்து, ஐந்து முறை எழ எத்தனை விநாடி ஆனது என்று குறித்து வாருங்கள். மூன்று மாதம் கழித்து அதே நோயாளியிடம் மீண்டும் எடுத்த எண்ணையும் சேர்த்து, பெயர் விவரம் இல்லாமல் எங்களுக்கு அனுப்புங்கள். குறையாத எண்களையும் அனுப்புங்கள், அவற்றையும் வெளியிடுவோம்.