சாலையில் நின்றால் கொதிக்கும் வேன்

தோவாளையில் பூக்கூடைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும் பழைய மாருதி ஆம்னி, களியக்காவிளை எல்லையைக் கடந்து நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வரை முனகாமல் ஓடி வரும். கிள்ளிப்பாலத்தில் திரும்பி, திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவுக்குள் மூக்கை நுழைத்ததும் வம்பு ஆரம்பம். முன்னே கைவண்டி, பக்கத்தில் மூட்டை இறக்கும் லாரி. பத்து நிமிடத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்பை நெருங்குகிறது. சீட்டுக்கு அடியிலேயே எஞ்சின் என்பதால் சூடு டிரைவருக்கு உடனே தெரிந்துவிடும்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கடைத்தெருவை அமைத்த திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ், மாட்டு வண்டிகளைத்தான் மனதில் வைத்திருப்பார். மாட்டுக்கு ரேடியேட்டர் கிடையாது.

1984இல் வந்து, 2019இல் தயாரிப்பு நின்ற இந்த வேனில் ரேடியேட்டர் ஃபேன் மின்சார மோட்டாரில் சுற்றுகிறது. நெடுஞ்சாலையில் அதற்கு அதிக வேலையில்லை; எதிர்காற்றே போதும். வண்டி ஊர்ந்தால் காற்று நின்றுவிடும், முழுப் பொறுப்பும் ஃபேன் மேல் விழும். ஆகவே நெரிசலில் மட்டும் சூடேறி, ஓடும்போது தணிந்தால் முதல் சந்தேகம் ஃபேன் மீதுதான். வேகமாக ஓடும்போதும் சூடேறினால் தண்ணீர்க் குறைவு, அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட் என்று வேறு இடத்தில் தேட வேண்டும்.

தேடுவதில் பணச் செலவு குறைவு. முதலில் ஃபியூஸ். அது சரியென்றால், எஞ்சின் ஆறியபின் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். சுற்றாவிட்டால் மோட்டார் போயிற்று; உடம்பில் லேசாகத் தட்டியதும் சுற்றினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. நன்றாகச் சுற்றினால் மோட்டாரை விட்டுவிட்டு, தண்ணீரின் சூட்டை உணர்ந்து ஃபேனை முடுக்கும் தெர்மோ சுவிட்சுக்கு வர வேண்டும். சாவியைத் திருப்பி வைத்து, சுவிட்சுக்கு வரும் இரண்டு வயர்களையும் இணைத்ததும் ஃபேன் ஓடினால் குற்றவாளி சுவிட்ச். ஓடாவிட்டால் ரிலே, வயரிங், துருப்பிடித்த எர்த் முனை.

இதில் ஒரு தந்திரமான கேஸ் உண்டு. தண்ணீர் குறைந்து சுவிட்சைச் சுற்றி வெறும் காற்று நின்றால், எஞ்சின் கொதித்தாலும் சுவிட்சுக்குச் சரியாக உறைக்காது. புது சுவிட்ச் வாங்கிப் போட்டும் ஃபேன் ஓடவில்லை என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பவர்கள் முதலில் தண்ணீரைப் பார்த்திருக்கலாம். இன்னொன்று, மோட்டார் மாற்றும்போது வயர்களை இடம் மாற்றிக் கொடுத்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். சத்தம் பிரமாதமாக இருக்கும், எதிர்காற்றோடு மல்லுக்கட்டும், வண்டி கொதிக்கும்.

சுவிட்ச் கெட்டதும் பல பட்டறைகளில் நடப்பது 'டைரக்ட்' கொடுப்பது: சாவியைத் திருப்பினால் ஃபேன், நிறுத்தினால் நிற்கும். அவசரத்துக்கு, சரக்கு வாடுவதற்குள் கடை போய்ச் சேர, இதைக் குறை சொல்ல முடியாது. பூ காத்திருக்காது. ஆனால் அந்த ஏற்பாடே வருஷக்கணக்கில் நிலைத்துவிடுகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் ஓடி மோட்டார் சீக்கிரம் தேய்கிறது. ஃபியூஸைத் தாண்டி வயர் இழுத்திருந்தால் ஆபத்து வேறு மாதிரி: மோட்டார் இறுகிய நாளில் வயர் பழுத்து எரியும். அதுவும் சீட்டுக்கு அடியில் எஞ்சின் உள்ள வண்டியில்.

முள் சிவப்பைத் தொட்டபின் இன்னும் நாலு கடைதானே என்று ஓட்டுவது இதைவிட மோசம். அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து கேஸ்கட் போனால் தண்ணீர் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் மோர்போல் ஒட்டி வரும். அதன் பிறகு எஞ்சினை இறக்கும் வேலைதான். ஓரம்கட்டி நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடி கழன்றதும் சட்டென்று கொதித்து, ஆவியோடு முகத்தில் அடிக்கும். குறைந்தது அரைமணி நேரம் ஆறவிட்டு, கனத்த துணி வைத்து மெல்லத் திருக வேண்டும். அந்த அரைமணியில் கூடைகளைத் தலைச்சுமையாக இறக்கிவிடலாம்.