க்ளோசபின்: மலச்சிக்கலைக் கேட்டால் மட்டும் போதாது

2025 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், க்ளோசபினுக்கு இருந்த கட்டாயப் பதிவு முறையை இனி வலியுறுத்தப்போவதில்லை என்று அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் அது முறைப்படி நீக்கப்பட்டது. நியூட்ரோபில் எண்ணிக்கையைப் பதிவு செய்யாமல் மாத்திரை கிடைக்காது என்ற நிலை போனதே தவிர, இரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. செய்தி கேட்டு நம் துறையினர் பலர் நிம்மதி அடைந்திருக்கிறார்கள், அது நியாயமானதே. ஆனால் இந்த மருந்தைப் பொறுத்தவரை நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய உறுப்பு ஒன்று நெடுங்காலமாகக் காத்திருக்கிறது. அது குடல்.

இரத்தத்தைப் பற்றிய அச்சம் எங்கிருந்து வந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 1975இல் பின்லாந்தில் க்ளோசபின் எடுத்தவர்களில் சிலருக்கு வெள்ளணுக்கள் சரிந்தன. 8 பேர் தொற்றுக்குப் பலியானார்கள். மருந்து பல நாடுகளில் ஓரங்கட்டப்பட்டது. அதை மீட்டது 1988இல் ஜான் கேன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. வேறு மருந்துகளுக்கு இசையாத 268 நோயாளிகளில், ஆறு வாரத்தில் க்ளோசபினுக்கு 30 சதவீதம் பேர் தேறினார்கள். குளோர்ப்ரோமசினுக்கு 4 சதவீதம் பேர்தான். மறு ஆண்டே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, வாராவாரம் இரத்தம் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அந்த நிபந்தனை உயிர்களைக் காத்தது. இன்று கணக்கு எப்படி நிற்கிறது? 2018இல் மைல்ஸ் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கடுமையான நியூட்ரோபில் குறைவு 0.9 சதவீதம் பேருக்கு வந்திருந்தது. அதனால் நேர்ந்த இறப்பு 0.013 சதவீதம். அதாவது பத்தாயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவர். ஆபத்தின் பெரும்பகுதி முதல் சில மாதங்களிலேயே தீர்ந்துவிடுகிறது.

குடலின் கணக்கு வேறு. நியூசிலாந்தில் சூசானா எவரி-பால்மர் குழுவினர், எக்ஸ்ரேயில் தெரியும் சிறு துணுக்குகளை நோயாளிகளுக்கு விழுங்கக் கொடுத்து, அவை பெருங்குடலைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வில், வேறு ஆன்டிசைக்கோடிக் மருந்து எடுத்தவர்களுக்கு இடைநிலை அளவு 23 மணி நேரம். க்ளோசபின் எடுத்தவர்களுக்கு 104.5 மணி நேரம். நான்கு நாளுக்கும் மேல். க்ளோசபின் குழுவில் 80 சதவீதம் பேரின் குடல் இயல்பை விட மெதுவாக நகர்ந்தது. மற்றக் குழுவில் ஒருவருக்குக்கூட அப்படி இல்லை. அதற்கு முன்பே, 2008இல், உயிருக்கு ஆபத்தான 102 குடல் முடக்க நிகழ்வுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு, அவர்களில் கால்வாசிப் பேருக்கு மேல் இறந்துவிட்டதைக் காட்டியிருந்தது. பிழைத்தவர்களிலும் பலர் குடலின் ஒரு பகுதியை இழந்தார்கள்.

இத்தனைக்கும் நாம் கேட்காமல் இல்லை. புறநோயாளிப் பிரிவில் தாய் இரத்த ரிப்போர்ட்டை பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து நீட்டுகிறார். எண்ணிக்கையைப் பார்த்து அட்டையில் குறித்துக்கொண்டு, மகனிடம் "மோஷன் ஒழுங்கா போகுதா?" என்று கேட்கிறோம். "போகுது சார்" என்கிறார். அடுத்தவர் உள்ளே வந்துவிடுகிறார். அந்த இளைஞரைப் படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்திருந்தால் இடப்பக்கம் கட்டியாகத் தட்டுப்பட்டிருக்கலாம். கடைசியாக எந்தக் கிழமை போனார் என்று கேட்டிருந்தால் தாயும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பார்கள். தன் குடல் மந்தமாகிவிட்டதை நோயாளி தானே சொல்வது அரிது என்பதை மேற்சொன்ன நியூசிலாந்துக் குழுவே பின்னர் அளந்து காட்டியது. மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் வலியையும் குறைவாகவே சொல்கிறார்கள். ஆகவே "போகுது" என்ற பதிலை நம்பி அட்டையை மூடுவது சரியல்ல.

நம் சீட்டுகளிலேயே இன்னொரு கோளாறு ஒளிந்திருக்கிறது. ஹாலோபெரிடாலோ ரிஸ்பெரிடோனோ கொடுத்த காலத்தில் நடுக்கத்துக்காகச் சேர்த்த டிரைஹெக்சிஃபெனிடில், க்ளோசபினுக்கு மாறிய பிறகும் மாதாமாதம் அப்படியே தொடர்கிறது. க்ளோசபினால் நடுக்கமும் விறைப்பும் வருவது அரிது; அந்த மாத்திரைக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. ஆனால் குடலை அது மேலும் முடக்கும். இரவில் எச்சில் வடிந்து தலையணை நனைகிறது, துண்டு விரித்துப் படுக்கிறார் என்று வீட்டார் சொன்னவுடன் அதே வகை மருந்தை ஒன்று கூட்டுவதும் வழக்கமாகிவிட்டது. முதலில் இரவு அளவைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். பழைய மாத்திரை இன்னும் தேவையா என்று ஒவ்வொரு முறையும் கேட்கும் உரிமை மருந்தாளுநருக்கும் செவிலியருக்கும் உண்டு. அவர்கள் கேட்க வேண்டும்.

"வாழைப்பழம் சாப்பிடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று சொல்லி அனுப்புவதும் போதாது. நகராத குடலில் இசப்கோல் போன்ற நார்ப்பொருளைச் சேர்த்தால் அடைப்பு இறுகக்கூடும். நியூசிலாந்தின் பொரிருவா நெறிமுறை, டாக்குசேட்டும் சென்னாவும் சேர்த்துக் கொடுத்து, தேவைப்பட்டால் மேக்ரோகோலைக் கூட்டுகிறது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் 110 மணி நேரமாக இருந்த குடல் கடப்பு நேரம் அதனால் 62 ஆகக் குறைந்தது. மலமிளக்கியை க்ளோசபினோடு முதல் நாளிலேயே எழுதிவிட வேண்டும், புகார் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

இதைப் படித்துவிட்டு க்ளோசபினைத் தொடவே ஒருவர் தயங்குவாரானால், இந்த உரை கேடு செய்ததாகிவிடும். இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் பலனில்லாதவருக்கு இதற்கு இணையான வேறு மருந்து இன்றும் நம்மிடம் இல்லை. 980 நோயாளிகளை இரண்டாண்டு பின்தொடர்ந்து 2003இல் வெளியான ஆய்வு, ஒலான்சபினைவிட க்ளோசபின் தற்கொலை முயற்சிகளைக் குறைத்ததைக் காட்டியது. முன்பு எட்டு உயிர்களைப் பறிகொடுத்த அதே பின்லாந்தின் தேசியப் பதிவேடுகளை ஆராய்ந்த யாரி டீஹொனன், ஆன்டிசைக்கோடிக் மருந்துகளிலேயே க்ளோசபின் எடுத்தவர்களிடம்தான் இறப்பு குறைவு என்று 2009இல் எழுதினார். உரிய காலத்தில் இதைத் தராமல் மூன்று நான்கு மருந்துகளைக் கலந்து கொடுத்து நோயாளியின் ஆண்டுகளை வீணாக்குவது நம் துறையில் தொடரும் பெருந்தவறு.

அளவைப் பற்றியும் ஒரு சொல். ஆசிய மரபினருக்கு மேலைநாட்டுப் பாடநூல் சொல்வதைவிடக் குறைந்த அளவிலேயே இரத்தத்தில் மருந்து போதிய மட்டத்தை எட்டிவிடுகிறது. பீடி சிகரெட் புகை இந்த மருந்தைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்கிறது. வார்டில் சேர்த்ததும் பீடி நின்றுபோகும்; சில நாட்களில் அதே மாத்திரை இரத்தத்தில் ஏறிவிடும். காய்ச்சலும் தொற்றும் வந்தாலும் இதே கதை. அளவு ஏற ஏறக் குடலும் மந்தமாகும்.

ஆகவே இதழ் கேட்டுக்கொள்வது: இரத்த எண்ணிக்கை குறிக்கும் அதே அட்டையில், கடைசியாக மலம் கழித்த தேதிக்கும் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததற்கும் ஒரு கட்டம் போடுங்கள். வாந்தி, வயிறு உப்பல், இரண்டு நாளாக மலம் போகாமை ஆகியவை சேர்ந்து வந்தால் புறநோயாளி நாளுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று வீட்டாருக்குத் தமிழில் எழுதிக் கொடுங்கள். அதே தாளின் கீழே, அங்கே இரவுப் பணியில் இருக்கும் மருத்துவருக்கும் இரண்டு வரி எழுதிவையுங்கள்: "க்ளோசபின் எடுக்கிறார். வலி அதிகம் சொல்லாவிட்டாலும் குடல் அடைப்பு இருக்கலாம். உடனே அறுவை மருத்துவரிடம் காட்டவும்."