அடைப்புக்குறிக்குள் நிற்கும் நிலை

வேதியியற் சமன்பாடு எழுதுவதென்பது இருபுறத்து அணுக்களையும் எண்ணி ஒப்பவைத்தலோடு முடிந்ததென்றே நம் மாணவர் பலர் கருதுகின்றனர். பொருள் எந்நிலையிலுள்ளது என்பதைக் காட்டும் குறி, இட்டாலும் இடாவிட்டாலும் ஒன்றே என விடப்படுகின்றது. அது வீண் அணியன்று.

100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லை முற்றச் சுட்டால் காளவாயில் மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பே. அணுக்கணக்கோ, எதுவும் குறையவில்லை என்கின்றது. எஞ்சிய 44 கிலோ எங்கே?

சுண்ணாம்புக்கல் (திண்மம்) → சுட்ட சுண்ணாம்பு (திண்மம்) + கரிவளி (வளிமம்)

கடைசி அடைப்புக்குறியே விடை சொல்லிவிட்டது. கரியமில வாயு எனப் பலரும் வழங்கும் அக் கரிவளி, காற்றோடு போயிற்று.

அச் சுண்ணாம்பை நீரில் நீற்றித் தெளியவைத்து, தெளிவை இறுத்து, அதிற் குழல்வைத்து ஊதுக. நம் மூச்சிலுள்ள கரிவளி பட்டுத் தெளிவு பால்போல் வெளுக்கும்.

சுண்ணாம்புத் தெளிவு (கரைசல்) + கரிவளி (வளிமம்) → சுண்ணாம்புக்கற்பொருள் (திண்மம்) + நீர் (நீர்மம்)

நால்வகை நிலையும் ஒரே வரியில்! வெளுப்பாய்க் கண்ணுக்குத் தோன்றுவது வலப்புறத்துத் 'திண்மம்'. குறிகளை நீக்கின், கணக்கு நிற்கும்; நிகழ்ச்சி மறையும்.

இக் குறிகளை எம்மொழியில் இடுவது? தனிமக் குறியீடுகளைப் பெயர்க்க வேண்டுமென யாம் கூறோம். சுவீடன் நாட்டறிஞர் பெர்சீலியசு 1813-14இல் வகுத்த அவை பெரும்பாலும் இலத்தீனப் பெயர்களின் எழுத்துகள். இரும்புக்கு ஆங்கிலேயனும் 'பெர்ரம்' என்பதன் எழுத்துகளையே எழுதுகின்றான். நிலைக்குறியோ வெறுஞ் சொற்சுருக்கம். செருமானியர் தம் நூல்கள் பலவற்றில் தம்மொழிச் சுருக்கத்தையே இட்டனர். உலகவழக்கை உயர்வகுப்பில் கற்கட்டும். பள்ளியில் தமிழிலேயே இடுக.

ஆயின், முதலெழுத்தை மட்டும் வெட்டி எழுதுவது கேடு. நீர்மத்திற்கும் 'நீ', நீர்க்கரைசலுக்கும் 'நீ' என்றால் உருகிய உப்பும் உப்புக்கரைசலும் ஒன்றாகிவிடும் அன்றோ? கறியுப்பு உருக 801 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். கரையத் தண்ணீர் போதும். உருகிய உப்பில் மின்னோட்டம் செலுத்தின் எதிர்மின்வாயிற் சோடியம் திரளும். கரைசலிற் செலுத்தின் அங்கே நீர்வளி குமிழியிட்டெழும். ஆகலின் (திண்), (நீர்ம), (வளி), (கரை) எனச் சுருக்குக. ஓரெழுத்து மிச்சத்திற்காக ஒரு வினையையே மாற்றிவிட வேண்டா.