அறுபது நாள் அடைக்காலம்

காத்திருக்கும் கலையில் நம்மவர்களுக்கு ஈடு இணை கிடையாது. ஆவடி செல்லும் மின்சார ரயிலுக்காகக் காத்திருக்கிறோம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறோம். சித்திரை பிறந்தது முதல் ஐப்பசி மழைக்காகக் காத்திருக்கிறோம். மழை வந்துவிட்டாலோ, அது எப்போது நிற்கும் என்று காத்திருக்கிறோம். இவ்வளவு அனுபவம் பெற்றவர்களுக்குக் கூடப் பாம்பு முட்டை பொரிவதற்காகக் காத்திருப்பது கொஞ்சம் புதிய விஷயந்தான்.

ஆவடிக்கு மேற்கே மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கினார் நமது நண்பர் ஒருவர். கடைக்கால் தோண்டும் இடத்தில் பழைய செங்கற் குவியல் ஒன்று நெடு நாளாகக் கிடந்தது. அதைக் கலைத்தபோது கூலியாள் ஒருவர் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். வெள்ளையாக, நீண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு 11 முட்டைகள்!

"கோழி முட்டை மாதிரி தெரியுது, ஸார். ஆனா தொட்டுப் பார்த்தா தோல் மாதிரி அமுங்குது" என்றார் மேஸ்திரி.

"பாம்பு முட்டைதான், சந்தேகமில்லை. இப்பவே நசுக்கிப் போட்டுடலாம். பொரிஞ்சு வெளியே வந்தா யாரு பிடிக்கிறது?" என்று கூலியாள் மண்வெட்டியை ஓங்கினார்.

அந்தச் சமயத்தில் நண்பரின் வயது முதிர்ந்த தாயார் குறுக்கிட்டார். "மண்வெட்டியைக் கீழே வை, அப்பா! முட்டைக்குள் இருப்பது இன்னும் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லையே!"

அம்மையாரின் வாக்கில் கருணை இருந்தது. அவர் அறியாமலே சட்டமும் இருந்தது. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பறவைகளும் ஊர்வனவும் இடும் முட்டைகளையும் 'விலங்கு' என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது. ஆகையால் அந்த முட்டைகளை நசுக்குவதும் குற்றம், "தாத்தா, நாமே பெட்டியில் வைத்து வளர்க்கலாமா?" என்று பேரன் கேட்டானே, அப்படி வளர்ப்பதும் குற்றம். நமது நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் செல்லப் பிராணியாக வைத்துக்கொள்ள இடமில்லை. வனத்துறைக்குத் தகவல் போயிற்று. பையனுடைய முகம் வாடிப் போயிற்று.

வனத்துறையார் வருவதற்குள் அங்கே ஒரு பெரிய விவாதம் நடந்ததாகக் கேள்வி. அது எந்தப் பாம்பின் முட்டை? நல்ல பாம்பா, சாரையா, கட்டுவிரியனா? முட்டையைப் பார்த்த மாத்திரத்தில் இன்ன ஜாதி என்று அறுதியிட்டுச் சொல்வது எளிதல்ல. ஒன்று மட்டும் நிச்சயம்: கண்ணாடி விரியனல்ல. கண்ணாடி விரியனும், சுருட்டை விரியனும், மண்ணுளியும், பச்சைப் பாம்பும் முட்டையிடுவதில்லை. உயிருள்ள குட்டிகளையே ஈனுகின்றன. மற்றபடி பயத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. நல்ல பாம்பின் குஞ்சு ஒரு சாண் நீளத்தில் வெளியே வந்த நாளிலேயே விஷமும், படமெடுக்கும் ஆற்றலும் உடையது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கக்கூடும் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழை ஜனங்கள். ஓங்கிய மண்வெட்டியைக் குறை சொல்லுமுன் இந்தக் கணக்கையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

வந்தவர்கள் செய்த முதல் காரியம் எல்லோரையும் வியப்பில் ஆழ்த்தியது. முட்டைக் கொத்தைத் தொடுவதற்கு முன்பே, ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் மெல்ல ஒரு புள்ளி வைத்தார்கள். பிறகு புள்ளி வானத்தைப் பார்த்தபடியே இருக்கும்படி, ஈர மணல் நிரப்பிய பெட்டிக்கு மாற்றினார்கள்.

கோழியை வளர்த்தவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். அடைக்கோழி ஒரு நாளில் பல முறை முட்டைகளை அலகால் புரட்டிவிடுகிறது. புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக் கெட்டுவிடும். பாம்பு முட்டையில் விஷயமே வேறு. இட்ட சில நாட்களுக்குள் கரு மேற்பக்கத்துத் தோலை ஒட்டி நிலைகொண்டுவிடுகிறது. அதன் பிறகு யாராவது ஆவலினால் முட்டையைத் திருப்பிப் பார்த்தால், மஞ்சட்கரு மேலே சரிந்து குஞ்சை அமுக்கிக் கொன்றுவிடக் கூடும். ஒரு பென்சில் புள்ளியில் 11 உயிர்கள்!

இன்னொரு வேற்றுமையும் உண்டு. கோழி முட்டை அடைக்காலத்தில் ஈரத்தை இழந்து எடை குறையும். பாம்பு முட்டையின் தோடு பதப்படுத்திய தோல் போன்றது. சுற்றிலும் உள்ள மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி நாளுக்கு நாள் பருக்கும். மண் காய்ந்தால் முட்டை சுருங்கும். நீர் தேங்கினாலோ, உள்ளே இருக்கும் கரு மூச்சுத் திணறிச் சாகும். உஷ்ணமும் அப்படித்தான். 28 முதல் 32 டிகிரி வரை இருந்தால் உத்தமம். அதற்கு மேல் இரண்டு மூன்று டிகிரி ஏறி அப்படியே நீடித்தால் ஆபத்து. சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் நமது ஊரில் இது எப்படி சாத்தியம்? அதற்குத்தான் தாய்ப் பாம்பு எலி வளையையும், செங்கற் குவியலின் அடியையும், மக்கிய வைக்கோலையும், கறையான் புற்றையும் தேடிப் போகிறது. இரண்டடி ஆழத்தில் பகலும் இரவும் ஏறக்குறைய ஒன்றே.

புற்றைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவிலுள்ள திருவேற்காட்டில், தேவி கருமாரியம்மன் சந்நிதிப் புற்றுக்குப் பால் வார்க்க வரும் பக்தர்களை நேயர்கள் பார்த்திருப்பார்கள். அவ்வூரை 'விடம் தீண்டாப் பதி' என்று சொல்வது தல மரபு. நம்பிக்கையைப் பற்றி இங்கே பேச்சில்லை. கோயிலில் நடக்கும் வழிபாடு வேறு. ஊர்ப் புறத்தில் கண்ட புற்றிலெல்லாம் குடம் குடமாகப் பாலைக் கொட்டுவது வேறு. பாம்பு பால் குடித்து வாழும் பிராணியல்ல. உள்ளே முட்டைகள் இருந்தால், பாலினால் ஊறிப் புளித்த மண்ணில் அவற்றின் கதி என்ன ஆகும் என்று நாமே ஊகிக்கலாம். தாய் எவ்வளவோ தேடிக் கண்டுபிடித்த இடம் அது.

பாம்பு முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடும் என்று பலர் எண்ணுகிறார்கள். பல ஜாதிகள் அப்படித்தான். நல்ல பாம்பு பெரும்பாலும் முட்டைகளின் அருகிலேயே இருந்து காவல் காக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் ராஜநாகமோ, சருகுகளை உடம்பால் வளைத்து இழுத்துக் குவித்துக் கூடே கட்டிவிடுகிறது. இவையெல்லாம் காவல்தான், உடம்பின் சூட்டைக் கொடுத்து அடைகாப்பதல்ல. அந்தப் பெருமை மலைப்பாம்பைச் சேர்ந்தது. அதற்கு ஒரு சரித்திரமே உண்டு.

1830-களில் லாமார் பிக்கோ என்ற பிரெஞ்சுப் பிரயாணி இந்தியாவில் தாம் கண்டறிந்த ஒரு விஷயத்தைப் பாரிஸ் விஞ்ஞானிகளிடம் தெரிவித்தார். மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு படுத்து, தன் உடலிலிருந்து சூடு உண்டாக்கி அடைகாக்கிறது என்றார். பாம்பு குளிர்ந்த இரத்தமுள்ள பிராணி என்பது அந்நாளைய சாஸ்திரத்தின் முடிவு. குளிர்ந்த இரத்தத்திலிருந்து சூடு வருமா? பெரியவர்கள் ஏற்கவில்லை. சில வருஷங்கள் சென்றன. 1841-ல் பாரிஸ் மிருகக் காட்சிசாலையிலேயே ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டுச் சுருண்டு கொண்டது. வாலென்ஸியென் என்ற பேராசிரியர் அதன் மடிப்புகளுக்கிடையே உஷ்ணமானியைச் செருகிப் பார்த்தார். சுற்றியிருந்த காற்றைவிடப் பாம்பின் உடம்பு தெளிவாகச் சூடாக இருந்தது! இந்தியாவிலிருந்து போன செய்தியை நம்பாதவர்களுக்கு, அந்தப் பாம்பே நேரில் சாட்சி சொல்லும்படி ஆயிற்று.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பது 1966-ல் நியூயார்க் மிருகக் காட்சிசாலையில் செய்த சோதனையால் தெளிவாயிற்று. குளிர் அதிகமாக ஆக, தாய்ப் பாம்பு தன் தசைகளைத் தாளம் தவறாமல் சுண்டிச் சுண்டி இழுக்கிறது. மார்கழி விடியற்காலையில் நமக்குப் பல் கிட்டிக்கொள்கிறதே, கிட்டத்தட்ட அதே உபாயம். ஆனால் நாம் போர்வை கிடைத்ததும் நிறுத்திவிடுகிறோம். அதுவோ சுமார் இரண்டு மாத காலம், பெரும்பாலும் இரையே எடுக்காமல், இதைச் செய்கிறது. முட்டை பொரியும் சமயத்தில் தாய் எலும்பும் தோலுமாகிவிடும்.

சூட்டின் மகிமையைக் காண நியூயார்க் வரை போகவேண்டியதில்லை. 1976-ல் ராமுலஸ் விட்டேகரும் அவருடைய தோழர்களும் தொடங்கிய முதலைப் பண்ணை, மகாபலிபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. அங்குள்ள சதுப்பு நில முதலைகளின் முட்டைகளை வைத்து நடந்த ஆராய்ச்சியில் ஒரு வினோதம் வெளியாயிற்று. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முதலையில் தீர்மானிப்பது அடைக்கால உஷ்ணமே! 31 டிகிரிக்குக் கீழே வைத்தால் பெண்கள். 32, 33 டிகிரியில் பெரும்பாலும் ஆண்கள். பாம்புக்கு இந்தத் தொல்லை இல்லை. மனிதர்களைப் போலவே அதற்கும் ஆண் பெண் பேதம் கருத்தரிக்கும்போதே தீர்ந்துவிடுகிறது.

அதே வடநெம்மேலியில்தான் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. பாம்புத் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்து வந்த மக்கள், 1972 சட்டத்துக்குப் பின் பிழைப்புக்கு வழியற்று நின்றார்கள். இப்போது அவர்கள் பிடிக்கும் பாம்பிலிருந்து விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பாம்பைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்தே கடிக்கு மருந்து தயாராகிறது. இவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. படிப்பு வாசனை இல்லாத அவ்விருவரையும் முன்னதாக 2017-ல், மலைப்பாம்புகள் பெருகித் தொல்லை தந்த புளோரிடாவுக்கு அமெரிக்கப் பல்கலைக் கழகத்தார் அழைத்துக்கொண்டு போனார்கள் என்றால் அவர்களுடைய வித்தையை நாம் மதிப்பிட்டுக் கொள்ளலாம்.

நண்பர் வீட்டு முட்டைகளை மறந்துவிடவில்லை. அவற்றில் இரண்டு, சில நாட்களிலேயே மஞ்சளித்துப் பூஞ்சணம் பூத்துவிட்டன, கூமுட்டைகள். மற்றவற்றை இருட்டில் சிறு விளக்கின் முன் பிடித்தபோது, உள்ளே செந்நிற நரம்புகள் மரக்கிளை போல் படர்ந்திருந்தனவாம். பேரன் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தான். ஐம்பது நாளாயிற்று. முட்டைகளில் குழி விழுந்தது. கெட்டுப்போயிற்று என்று வீடே துக்கம் கொண்டாடியது. உண்மையில் பொரிவதற்கு முன்னால் குழி விழுவது சகஜம். அந்த நாட்களில் "நாம் கொஞ்சம் கீறி உதவலாமே" என்று தோன்றுவதும் சகஜம். அப்படிச் செய்யவே கூடாது. குஞ்சோடு இணைந்த மஞ்சட்கருவின் இரத்தக் குழாய் அறுந்தால் அத்தோடு முடிந்தது. குஞ்சுக்கு மூக்கின் நுனியில் ஒரு சிறு பல் இருக்கிறது; தோட்டைக் கீறுவதற்கென்றே அமைந்த அது, வேலை முடிந்ததும் சில நாளில் விழுந்துவிடும்.

ஐம்பத்தெட்டாம் நாள் முதல் கீறல் விழுந்தது. கீறலின் வழியே ஒரு தலை எட்டிப் பார்த்தது. பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது! மிச்சமுள்ள மஞ்சட்கருவை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும் வரையில், ஒரு நாளோ இரண்டு நாளோ, குஞ்சுகள் இப்படி வாசலில் நின்று யோசிக்குமாம். ஒன்பதும் வெளிவந்தன. ஒன்றேகாலடி நீளம், பெரிய கண்கள், படம் இல்லை. எல்லாம் சாரை! எலியைத் தின்று நெல்லைக் காக்கும், விஷமற்ற சாரை. அன்றைக்கு மண்வெட்டி இறங்கியிருந்தால் நஷ்டம் யாருக்கு என்று கேட்கவே வேண்டியதில்லை. முதல் தோலை உரித்ததும் குஞ்சுகளை ஏரிக்கரைப் புதரில் விட்டார்கள். அவற்றைக் 'குட்டி' என்பதா 'குஞ்சு' என்பதா என்று நண்பர் வீட்டில் இன்னும் தீராத வழக்கு. தொல்காப்பிய மரபியல், பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்று பெயர் கூறி, தவழ்பவைக்கும் அதுவே என்கிறது.

இது நாட்டுப் பாம்பின் கதை. அம்பத்தூர் அடுக்குமாடி வீடுகளிலோ, இப்போது வேறொரு காத்திருப்பும் நடக்கக் கூடும். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பந்து மலைப்பாம்பைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கும் மோகம் நம் நகரங்களுக்கு வந்துவிட்டது. பாங்காக்கிலிருந்து வரும் பிரயாணிகளின் பெட்டிகளில் இத்தகைய பாம்புகளை மீனம்பாக்கம் சுங்க அதிகாரிகள் சமீப வருஷங்களில் பல முறை கைப்பற்றியிருக்கிறார்கள். துணிமணிக்கு நடுவே பையில் கட்டி அடைத்து, உயிருக்கு மன்றாடும் பிராணியை வாங்கி வைத்துக்கொண்டு 'செல்லப் பிராணி' என்று சொல்வதில் என்ன செல்லமோ நமக்கு விளங்கவில்லை. முறையாக வாங்கி வைத்திருப்பவர்களுக்கு 2024-ல் மத்திய சர்க்கார் விதிகள் செய்திருக்கிறார்கள். சர்வதேச உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள பிராணியை வைத்திருப்பதையும், கைமாற்றுவதையும், அது இறந்ததையும், குஞ்சு பொரித்ததையும் பதிவு செய்தாக வேண்டும். ஆகவே உஷ்ணப் பெட்டியின் முன்னால் இரண்டு மாதம் கண்விழித்தவர், ஆறு முட்டை பொரிந்தால் ஆறு பிறப்புகளையும் எழுதிக் கொடுக்கக் கடமைப்பட்டவர். பெயர் சூட்டுவதற்கு மட்டும் சட்டத்தில் கட்டாயம் இல்லை.