வட்டாரத்துக்கு வரட்டும் மாதர் சங்கத் தலைவி

உரும்பிராயைப் போன்ற ஓர் ஊரில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவியோ செயலாளரோ ஓர் ஆண்டில் பார்க்கும் வேலைகளை அடுக்கிப் பார்த்தால், ஒரு பிரதேச சபை உறுப்பினரின் வேலை அதில் பெரும்பாலும் அடங்கிவிடும். சந்தாப் பணம் சேர்க்கிறார், சுழற்சிக் கடன் கொடுத்து மீட்கிறார், கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வாசித்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். முன்பள்ளிக்கு ஆசிரியர் தேடுவதும், கிராம அலுவலரோடும் பிரதேச செயலகத்தோடும் கடிதப் போக்குவரத்து நடத்துவதும், கணவனை இழந்த வீட்டுக்கு உதவி வரும்வரை அலைவதும் அவர் தலையிலேயே விழுகின்றன. ஆனால் வலிகாமம் கிழக்குப் பிரதேச சபைக்கோ யாழ்ப்பாண மாவட்டத்தின் வேறெந்தச் சபைக்கோ வேட்பாளர் தேடும் காலத்தில் கட்சிக்காரர் அந்தச் சங்கத்தின் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் ஊர்ப்பணத்தையும் ஊர்ப் பிணக்கையும் கையாண்ட பெண்ணின் அனுபவம் அரசியல் தகுதியாகக் கொள்ளப்பட வேண்டும் என்பதும், அவருக்கு வட்டாரத்திலேயே இடம் தரப்பட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தமிழ் அரசியல் பெண்களுக்கு இதுவரை அகலத் திறந்த வாசல் ஒன்றுதான்; அது கணவரின் வாசல். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்த மறு ஆண்டே நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். கணவர் வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து தேர்தல் மனுவில் ஆசனத்தை இழந்ததால் வந்த இடைத்தேர்தல் அது. 1998 ஜனவரியில் யாழ். மாநகரின் முதல் பெண் மேயராகத் தெரிவான சரோஜினி யோகேஸ்வரன், 1989இல் அமிர்தலிங்கத்தோடு சுட்டுக் கொல்லப்பட்ட முன்னாள் யாழ். நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் மனைவி. 2010 முதல் பத்தாண்டுகள் நாடாளுமன்றத்தில் இருந்த விஜயகலா மகேஸ்வரனின் கணவர் 2008ஆம் ஆண்டின் முதல் நாளில் கொல்லப்பட்டவர். 2013 வடமாகாண சபைத் தேர்தலில் 87,870 விருப்பு வாக்குகள் பெற்ற அனந்தி சசிதரன், போர் முடிவில் சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்ட கணவரைத் தேடும் மனைவியாகவே மக்கள் முன் நின்றார். இந்தப் பெண்கள் எவரது துணிவையும் திறமையையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. 2004இல் நாடாளுமன்றம் சென்ற பத்மினி சிதம்பரநாதன் போன்ற விதிவிலக்குகளும் உண்டு. என்றாலும் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுக் கதையில் ஒரு பெண் தலைவராவதற்கு முதலில் ஓர் ஆணை இழக்க வேண்டும் என்ற நிலை திரும்பத் திரும்ப வருகிறதென்றால், குறை அந்தப் பெண்களிடம் இல்லை. 2024 நவம்பரில் யாழ். மாவட்டம் தெரிவு செய்த ஆறு உறுப்பினர்களில் ஒரு பெண்கூட இல்லை.

மற்ற வாசல் எப்படியிருக்கும் என்பதற்கு உரும்பிராயிலிருந்து வடக்கே சில மைல் தொலைவில், தெல்லிப்பழையில் சான்று இருக்கிறது. 1925இல் பிறந்து 2008இல் மறைந்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டியை நாம் சமயச் சொற்பொழிவாளராகவும் அன்னையாகவும் போற்றுகிறோம். அவர் ஒரு நிர்வாகி என்பதைப் போதிய அளவு பேசியதில்லை. ஆசிரியையாக இருந்தவர், திருமணம் செய்யாதவர், ஆண்கள் மட்டுமே அறங்காவலராக இருந்து பழகிய ஊர்களின் நடுவில் துர்க்காதேவி தேவஸ்தானத்தின் தலைமையை ஏற்று நீண்ட காலம் நடத்தினார். அடியார் தரும் காசு கட்டடத்துக்கும் திருவிழாவுக்கும் போவதோடு முடிய வேண்டியதில்லை, ஆதரவற்ற பெண்பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் போகலாம் என்று முடிவெடுத்து, துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை எழுப்பினார். கோயில் வருமானத்தை எதற்குச் செலவிடுவது என்பது யாழ்ப்பாணத்தில் மிகக் கடுமையான அரசியல் கேள்வி. வழக்குகள் தலைமுறை தாண்டி நடக்கும் கேள்வி. அதற்கு அவர் விடை கண்டதும், அந்த விடையை ஊர் ஏற்கச் செய்ததும், ஷெல் விழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில் நிறுவனத்தைக் கலையவிடாமல் காத்ததும் முதல்தரமான பொதுத் தலைமை. அதைத் தொண்டு என்ற சொல்லுக்குள் மட்டும் வைத்துப் பூமாலை போட்டுவிட்டால், அதிலிருந்து அரசியல் கற்க வேண்டியதை நாம் கற்காமல் போவோம்.

சட்டம் இப்போது ஒரு வழியைத் திறந்திருக்கிறது. 2016, 2017 திருத்தங்களின்படி உள்ளூராட்சிச் சபைகளில் 25 சதவீதம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதற்குமுன் நாடு முழுவதும் 2 சதவீதத்தைக்கூட எட்டாதிருந்த பெண் உறுப்பினர் பங்கு, 2018 பெப்ரவரித் தேர்தலின்பின் 20 சதவீதத்தைத் தாண்டியது. 2025இல் யாழ். மாநகரம் சரோஜினிக்கு 27 ஆண்டுகள் பின்னர் மதிவதனி விவேகானந்தராஜாவை மூன்றாவது பெண் மேயராகக் கண்டது. ஆனால் சட்டத்தின் பொறிமுறையைக் கவனிக்க வேண்டும். சபையின் 60 சதவீத ஆசனம் வட்டாரத்துக்கு, 40 சதவீதம் பட்டியலுக்கு. வட்டார வேட்பாளர்களில் 10 சதவீதம் பெண்களாக இருந்தால் போதும். மேலதிகப் பட்டியலில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். அதாவது பத்து வட்டாரத்துக்கு ஒரு பெண்ணை நிறுத்திவிட்டு மிச்சப் பெயர்களைப் பட்டியலில் நிரப்பினால் கட்சியின் கடமை முடிந்தது. பட்டியலில் யாரைச் சபைக்கு அனுப்புவது என்பதைத் தேர்தலுக்குப் பிறகு தீர்மானிப்பவர் கட்சிச் செயலாளர். இப்படி வரும் பெண்ணுக்கு வாக்களித்த ஒழுங்கை என்று ஒன்றில்லை, தெருவிளக்கு எரியவில்லையென்று அவர் வீட்டுப் படலையைத் தட்டும் வாக்காளர் இல்லை. அவருக்குப் பதவி தந்தவர் ஒருவர்தான். அவர் சொல்லுக்குக் கை உயர்த்துவதே எதிர்பார்க்கப்படுகிறது. பிறகு நாமே அவரைப் பொம்மை என்கிறோம்.

இந்தியாவில் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வேறு வழியில் போனது. அங்கே ஒதுக்கப்பட்டது பட்டியல் இடமில்லை, பெண் மட்டுமே போட்டியிடக்கூடிய தொகுதியும் தலைவர் பதவியும். ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவு, பெண் தலைவர்கள் உள்ள ஊராட்சிகள் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டன என்பது. மேற்கு வங்கத்தில் பின்னர் நடந்த ஆய்வு, இரண்டு முறை தொடர்ந்து ஒதுக்கீடு இருந்த இடங்களில் ஒதுக்கீடு நீங்கிய பிறகும் பெண்கள் அதிகமாக வென்றதைக் காட்டியது. பெண் தலைவரைக் கண்முன் கண்ட ஊர், அடுத்த முறை பெண்ணுக்கு வாக்களிக்கத் தயங்கவில்லை. குடிநீர் உரும்பிராய்க்கு அன்னியமான பிரச்சினையும் இல்லை. செம்மண்ணுக்கு அடியிலுள்ள சுண்ணக்கல் நீரையே நம்பி வெங்காயமும் புகையிலையும் செய்து, அதே நீரைக் குடித்தும் வாழும் குடாநாடு இது. உரத்தின் நைத்திரேற்று கிணறுகளுக்குள் இறங்குவதை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள்; சுன்னாகத்தில் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் ஊரறிந்தது. எந்தக் கிணறு குடிக்க ஆகாது, எந்த வீட்டுக்கு எங்கிருந்து தண்ணீர் போகிறது என்பதைக் குடத்தோடு நடக்கிறவரே முதலில் அறிவார். அந்த அறிவு சபை மேசைக்கு வருவது கருணையின்பாற்பட்ட விடயமாக இருக்கக் கூடாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது, சேவை செய்யும் பெண் கட்சிக்குள் போனால் சங்கமே உடைந்துவிடும் என்பது. இந்தப் பயம் பொய்யில்லை; ஒரு சங்கம் ஒரு கட்சியின் கிளையாகப் பார்க்கப்பட்டால் மற்றப் பகுதியார் ஒதுங்குவர். ஆகவே வேட்பாளராகிறவர் சங்கப் பதவியை விட்டுவிலகி அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். அது இழப்பாகத் தோன்றினாலும் இரண்டாம் வரிசைத் தலைமையை வளர்க்கும் வழியும் அதுவே. தொண்டு நிறுவனங்களை நடத்துவோர் நிதி தருபவருக்குப் பதில் சொல்லிப் பழகியவர்கள், மக்களுக்குப் பதில் சொல்லத் தெரியாதவர்கள் என்பது இன்னொரு வாதம். போருக்குப்பின் வந்து திட்டம் முடிந்ததும் போன சில நிறுவனங்களைப் பொறுத்தவரை அது சரி. ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் கூட்டித் தெரிவாகும் ஊர்ச்சங்கத்துக்கு அது பொருந்தாது. நுண்கடனால் வடக்கு, கிழக்குப் பெண்கள் சிதைவதை நிறுவன அறிக்கைகளுக்கு முன்பே உரத்துச் சொன்னவை இத்தகைய சங்கங்கள். வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்குட்பட்ட கடன்களுக்கு 2018இல் அரசு நிவாரணம் அறிவித்ததில் அந்தக் குரல்களுக்குப் பங்குண்டு.

பாதுகாப்பு என்ற தடையைக் கடந்து பேசுவது கடினம். யாழ். பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்துகொண்டு, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான பூரணி நிலையத்துக்கும் மனித உரிமைப் பணிக்கும் தோள்கொடுத்த ராஜினி திரணகம 1989 செப்டெம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். சரோஜினி யோகேஸ்வரன் மேயராகி நான்கு மாதம் முடியுமுன், 1998 மே 17இல் தன் வீட்டில் கொல்லப்பட்டார். ஒரு தலைமுறைத் தாய்மார் மகளை மேடைக்கு அனுப்ப மறுத்ததை யார் குறைசொல்ல முடியும்? துப்பாக்கி ஓய்ந்தபின் அந்த இடத்தை அவதூறு பிடித்திருக்கிறது. ஒரு பெண் வேட்பாளரின் படம் சுவரில் ஏறியதும் அவரது குணத்தைப் பற்றி முகநூலில் எழுதத் தொடங்குகிறார்கள். இதைத் தனியொரு பெண் எதிர்கொள்ள முடியாது. வேட்பாளரைத் தெரிவு செய்யும் கட்சி, அவர்மீது அவதூறு எழுதும் சொந்த ஆதரவாளரைப் பகிரங்கமாகக் கண்டித்து வெளியேற்றவும் கடமைப்பட்டது.

அடுத்த உள்ளூராட்சி வேட்புமனுவுக்கு முன்பே தமிழ்க் கட்சிகள் செய்யக்கூடியது தெளிவாகவே இருக்கிறது. 10 சதவீதம் சட்டத்தின் கீழ்வரம்பு. மூன்றில் ஒரு வட்டாரத்தைப் பெண்ணுக்குத் தருவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தோற்கும் என்று தெரிந்த வட்டாரத்தைத் தள்ளிவிடாமல், வெல்லக்கூடியதைத் தர வேண்டும். பட்டியலில் யாரை எந்த வரிசையில் அனுப்புவோம் என்பதை வாக்களிப்புக்கு முன்பே அறிவிக்க வேண்டும். பெயர் கேட்கும்போது பிரமுகர் வீட்டு மருமகளைத் தேடாமல், கோப்பாய் பிரதேச செயலகத்தில் பதிவான மாதர் சங்கங்களின் கடந்த பத்தாண்டு நிர்வாகசபைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, உரும்பிராய் தெற்கில் யார், வடக்கில் யார் என்று ஊர்ப் பெண்களிடமே கேட்கலாம்.